கடலைக் கொழுந்து மஞ்சளடிக்குது, மக்காச்சோளத்தை ஒட்டின சால் மட்டும் பச்சையா நிக்குது. என்ன காரணமுங்க?

பல்லடத்துக்காரன்:

வணக்கமுங்க. பல்லடம் – தாராபுரம் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி எங்க தோட்டம். மேல செம்மண், ஒரு முழம் தோண்டினா சுக்காங்கல் (சுண்ணாம்புக்கல்) வந்துரும். இந்தப் பட்டம் ரெண்டு ஏக்கர் நெலக்கடலை போட்டிருக்குறனுங்க, தரணி ரகம். முழுக்கப் போர்த்தண்ணிதான்.

வெதச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. கொழுந்து இலை பூரா மஞ்சள். நரம்பு மட்டும் பச்சைக் கோடா தெரியுது, நடுவுல வெளுத்துக் கெடக்குது. கீழ இருக்கிற பழைய இலை நல்ல பச்சை. தழைச்சத்து பத்தலையோன்னு யூரியா வெச்சுத் தண்ணி கட்டினேன், மஞ்சள் இன்னும் கூடினாப்பலதான் இருக்குது. உரக்கடையில ஜிங்க்னு சொல்லி ஒரு நுண்ணூட்டப் பாக்கெட் குடுத்தாங்க. மண்ணுல போட்டேன். ஒரு மாத்தமும் இல்லீங்க.

மண் பரிசோதனை அட்டை கையில இருக்குது. பி.எச். (மண்ணோட அமில-கார அளவு) 8.4. தழைச்சத்து (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 190 கிலோ, குறைவுன்னு போட்டிருக்குது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 41, அதிகம். சாம்பல்சத்து (பொட்டாஷ்) 460, அதிகம். இரும்பு 4.8 பிபிஎம், "போதுமானது". எங்கய்யன் காலத்துல இருந்தே ஒவ்வொரு வெள்ளாமைக்கும் ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) அடியுரமாப் போடுறது வழக்கம்.

இதுல எனக்குப் புரியாதது ஒண்ணு. வாய்க்கால் ஓரமா மாட்டுத் தீவனத்துக்கு மக்காச்சோளம் ரெண்டு சால் விட்டிருக்குறேன். அதை ஒட்டின கடலைச் சால் மூணு மட்டும் கரும்பச்சையா நிக்குது. அதுக்கு அந்தப் பக்கம் போகப் போக மஞ்சள். ஒரே மண்ணு, ஒரே வெதை, ஒரே தண்ணி. நெழலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமான்னு பாத்தேன், சாயங்காலம் மட்டுந்தான் லேசா நெழல் விழுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

ஓடைக்காடு:

இரும்புக் கொறை தம்பி. அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) அடிங்க, பத்து நாள்ல கொழுந்து தெளிஞ்சு வரும். எங்க பக்கம் வருசா வருசம் இதே கதைதான்.

---

வேரடி:

ஓடைக்காடு அண்ணன் சொன்னது சரி. அன்னபேதி அளவைக் கீழே எழுதுகிறேன். ஆனால் தம்பி கேட்டது மக்காச்சோளத்து ஓரத்தைப் பற்றி. அதைப் பார்த்து வைத்துக் கேட்டதற்கே எனக்கு அத்தனை சந்தோஷம். நான் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது உடுமலைப் பக்கம் தோட்டம் பார்க்கிறவள். அட்டையில் உள்ள எண்களை மட்டும் பார்த்துப் பரிந்துரை எழுதினால் இந்த மாதிரி விஷயம் கண்ணில் படவே படாது.

முதலில் மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பது. தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும், அதனால் கீழ் இலை முதலில் வெளுக்கும். மக்னீசியத்துக்கும் அப்படித்தான். இரும்பை அப்படிப் பிடுங்கி மேலே அனுப்ப முடியாது. பழைய இலை பச்சையாக இருக்க, கொழுந்து நரம்பு தெரிய மஞ்சளாகிறது என்றால் அது இரும்பு. கந்தகக் குறையிலும் கொழுந்துதான் வெளுக்கும், ஆனால் நரம்பும் சேர்ந்து ஒரே சீராக வெளுக்கும்.

உங்கள் மண்ணில் இரும்பு இல்லையா? செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பதே இரும்புதான். அது கரையாமல் கிடக்கிறது. பி.எச். ஒரு அலகு ஏறினால் கரைந்து நிற்கும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். 8.4 என்றால் வேர் சும்மா உறிஞ்சிக் கிடைப்பது ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேர் தன் உடம்பிலிருந்து எதையாவது வெளியே விட்டுத்தான் இரும்பைக் கரைத்து எடுக்க வேண்டும். இதைத்தான் வேர்க்கசிவு என்கிறோம். இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கு இப்படி அமிலங்களாக, சர்க்கரையாக, அமினோ அமிலங்களாக வேர் வழியே மண்ணுக்குப் போகிறது. எந்தச் சத்து குறைகிறதோ அதற்குத் தக்கபடி கசிவின் அளவும் மாறும், கசிகிற பொருளும் மாறும்.

கடலைக்கு ஒரு வழி. இரும்பு பற்றாதபோது வேர் நுனிப்பக்கம் அமிலத்தை வெளியே தள்ளும், கூடவே ஃபீனால் வகைப் பொருள்களையும் விடும், பிறகு வேர்த்தோலில் உள்ள ஒரு நொதியால் கரையாத ஃபெரிக் இரும்பைக் கரையக்கூடிய ஃபெரஸ் இரும்பாக மாற்றி உள்ளே இழுக்கும். துவரை, தக்காளி, பருத்தி எல்லாம் இந்த வழிதான். புல் இனத்துக்கு வேறு வழி. நெல், சோளம், மக்காச்சோளம், கோதுமை, பார்லி எல்லாம் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பொருளை விடும். கவ்விய இரும்பை அப்படியே முழுசாக உள்ளே எடுத்துக்கொள்ளும். இதை 1976இல் ஜப்பானில் தாகாகி என்ற ஆய்வாளர் கண்டு சொன்னார். பார்லியில் எடுத்த பொருளுக்கு முகினிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். மக்காச்சோளம் விடுவது அதன் பங்காளிப் பொருள்.

இப்போது உங்கள் மண்ணுக்கு வாருங்கள். கடலை வேர் தள்ளுகிற அமிலத்தைச் சுண்ணாம்பு அந்த இடத்திலேயே தின்றுவிடும். தின்றால் பைகார்பனேட் உண்டாகும். அந்தப் பைகார்பனேட் வேர்த்தோல் நொதியின் வேலையையும் கெடுக்கும். போர்த்தண்ணியிலும் அதே பைகார்பனேட் வருகிறது என்றுதான் நினைக்கிறேன். சொட்டுநீர்க் குழாயோ தொட்டியோ இருந்தால் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள். தண்ணீர் அதிகம் நின்றால் மண்ணுக்குள் கரியமில வாயு தேங்கி இது இன்னும் கூடும். மழை ஓய்ந்த வாரத்தில் மஞ்சள் அதிகமாவதைப் பார்த்திருப்பீர்கள்.

மக்காச்சோளத்தின் வழிக்கு இந்தத் தடை அவ்வளவாக இல்லை. அது அமிலத்தை நம்பி இல்லையே! அது கரைத்து வைக்கிற இரும்பில் ஒரு பங்கு பக்கத்துக் கடலை வேருக்கும் கிடைக்கிறது. சீனாவின் வடக்கே சுண்ணாம்பு மண்ணில் தனிக்கடலை மஞ்சளாவதையும், மக்காச்சோளத்தோடு சேர்த்துப் போட்ட கடலை பச்சையாக நிற்பதையும் விவசாயிகளின் நிலத்திலேயே பார்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அது வெளியானது. மக்காச்சோளத்தை ஒட்டிய சால்கள் பச்சை, தள்ளிப் போகப் போக மஞ்சள். நீங்கள் எழுதியது அச்சு அசலாக அதே. வேர்கள் கலக்காதபடி பிரித்து வைத்த தொட்டிகளில் அந்தப் பலன் வரவில்லை. அதனால் நிழலைப் பற்றிய சந்தேகத்தை விட்டுவிடலாம். மக்காச்சோளம் கவ்விய இரும்பை அப்படியே எடுக்கிற நுழைவாயில் கடலை வேரிலும் இருப்பதைப் பிற்பாடு கண்டார்கள்.

அட்டையில் "போதுமானது" என்று எப்படி வந்தது? சுண்ணாம்பு இல்லாத மண்ணுக்கு இரும்பின் எல்லை 3.7 பிபிஎம், சுண்ணாம்பு மண்ணுக்கு 6.3. உங்கள் 4.8ஐ முதல் எல்லையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் மண்ணில் எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண், 6.3தான் உங்களுக்கு.

யூரியா ஏன் கெடுத்தது என்றால், அது மண்ணில் சில நாளில் நைட்ரேட்டாகிவிடும். நைட்ரேட்டை உறிஞ்சும்போது வேர் பதிலுக்குப் பைகார்பனேட்டை வெளியே விடும், வேரைச் சுற்றி இன்னும் காரம் ஏறும். அம்மோனியமாக எடுத்தால் நேர்மாறு, அமிலத்தை விடும். ஒரே தழைச்சத்துதான், எந்த உருவில் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்து வேரோர மண்ணின் பி.எச். இரண்டு அலகு வரைகூட வித்தியாசப்படும். மேலுரம் தேவைப்பட்டால் உங்கள் மண்ணுக்கு அம்மோனியம் சல்பேட்தான் ஏற்றது. அதில் 21 சதம் தழைச்சத்தோடு 24 சதம் கந்தகமும் இருக்கிறது, எண்ணெய் வித்துக்குக் கந்தகம் வேண்டும்.

டிஏபியைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். மணிச்சத்து 22க்கு மேல் போனாலே அதிகம், உங்களுக்கு 41. ஒரு மூட்டை டிஏபியில் 23 கிலோ மணிச்சத்து. காயோடு தோட்டத்தை விட்டுப் போவது அதில் ஒரு பகுதிதான், மீதி ஆண்டாண்டாகச் சேர்ந்து நிற்கிறது. அந்த பாஸ்பேட் இரும்பையும் துத்தநாகத்தையும் (ஜிங்க்) மண்ணிலும் வேருக்குள்ளும் முடக்கும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. மணிச்சத்து பற்றாத செடியின் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை விட்டு, வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணத்தைக் கூப்பிடும். அதுதான் பூசண இழைகளைக் கிளைவிட வைக்கிறது என்று 2005இல் ஜப்பானில் அகியாமா குழு காட்டியது. மணிச்சத்து நிறைந்து கிடந்தால் செடி அந்த அழைப்பைக் குறைத்துக்கொள்ளும். பூசணம் சேராவிட்டால் அது தூரத்திலிருந்து இழுத்து வந்து தரும் துத்தநாகமும் போச்சு. கடைக்காரர் ஜிங்க் என்று ஊகித்ததில் பாதி நியாயம் உண்டு. அந்தக் குறையைக் கூட்டுவதும் டிஏபிதான்.

செய்ய வேண்டியது: 100 லிட்டர் தண்ணீரில் முதலில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரையுங்கள், அதற்கப்புறம் 1 கிலோ அன்னபேதி. வரிசையை மாற்றாதீர்கள். போர்த்தண்ணியில் அன்னபேதியை நேரே போட்டால் துரு நிறமாகித் தெளியும், அந்தக் கரைசலால் பயனில்லை. வாங்கும்போதே உப்பு வெளிர்பச்சையாக இருக்கிறதா பாருங்கள், பழுப்பேறியதை வேண்டாம் என்று சொல்லுங்கள். சாயங்காலத்தில் கொழுந்து நனைய அடியுங்கள், பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை. பாக்கெட்டில் இருந்தது இடிடிஏ என்ற பொருள் பிடித்து வைத்த இரும்பாக இருந்தால் மண்ணில் போட்டு உங்கள் பி.எச்.சில் நிற்காது, கால்சியம் வந்து இரும்பைத் தள்ளிவிடும். அதை இலைக்கு அடிக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் தாங்குவது இடிடிஹெச்ஏ வகை, ஆனால் விலை கடலைக்குக் கட்டுமா என்பது சந்தேகம்.

இன்னொன்று. இரண்டு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் தழைச்சத்தைச் செடியே பார்த்துக்கொள்ளும். அந்தச் சிவப்புக்கும் இரும்புதான் வேண்டும். மக்காச்சோளத்து ஓரத்துச் செடியையும் நடுக்காட்டுச் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

---

இயற்கைவழி:

அருமையான பதிவு அக்கா. ஆனால் இதை வைத்துப் பார்த்தால் எல்லா உரத்தையும் நிறுத்திவிடுவதுதானே நல்லது? சத்து குறைந்தால் வேர் தானாகச் சுரந்து எடுத்துக்கொள்ளும். நாம் போடுவதால்தானே செடி சோம்பேறியாகிறது?

---

செங்காட்டு மானாவாரி:

எங்களுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் செம்மண், சுண்ணாம்பு கிடையாது. மானாவாரிக் கடலையில் ஊடே துவரை விதைப்பது பரம்பரை வழக்கம். டிஏபிக்குக் கையில் காசில்லாத வருஷத்திலும் துவரை மட்டும் செழித்து நிற்கும். அதற்கும் இந்தக் கசிவு காரணமாக இருக்குமா?

---

பல்லடத்துக்காரன்:

ரொம்ப நன்றிங்கக்கா. எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாத்தேன், நல்லாவே பொங்குது. தொட்டி ஓரத்துல வெள்ளைப் படிவும் இருக்குது. முடிச்சு கீறிப் பாத்தேனுங்க. சோள ஓரத்துச் செடியில பெருசு பெருசா, உள்ள செவப்பு. நடுக்காட்டுல கொஞ்சந்தான் இருக்குது, பாதி உள்ள வெளுப்பு.

அன்னபேதி இன்னைக்குச் சாயங்காலம் அடிக்கிறேன். அடுத்த வெள்ளாமைக்கு மக்காச்சோளத்தை எப்படிச் சேக்கறதுன்னு சொல்லுங்க. கடையில வேம்னு வேர்ப்பூசணப் பாக்கெட் இருக்குது, அதையும் வாங்கிப் போடலாமுங்களா?

---

வேரடி:

இயற்கைவழி தம்பிக்கு முதலில். நான் அப்படிச் சொல்லவில்லை, அந்த முடிவு எனக்குச் சம்மதமும் இல்லை. கசிவுக்கெல்லாம் செடி சர்க்கரையைக் கொடுக்கிறது. வயிறு காய்ந்த செடிக்கு அதைக் கொடுக்கவே திராணி இருக்காது. அதோடு, வேர் விடும் குரலைக் கேட்பது நல்லது மட்டுமில்லை. சோளக்காட்டிலும் கரும்பிலும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை வந்து பார்த்திருக்கிறீர்களா? கடுகைவிட எத்தனையோ மடங்கு சிறிய அதன் விதை வருஷக்கணக்கில் மண்ணில் தூங்கும். பூசணத்தைக் கூப்பிட வேர் விடுகிற அதே ஸ்ட்ரைகோலாக்டோன் மேலே பட்டால்தான் முளைக்கும். முளைத்ததும் வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். தழையும் மணியும் பற்றாத சோளம் அந்தப் பொருளை அதிகமாக விடும், சுடுமல்லியும் அதிகமாக எழும். உரமே காணாத மேட்டுக்காட்டில்தான் சுடுமல்லி ஆளைக் கொல்கிறது. அங்கே போய் "போடாதே, வேர் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காட்டுக்குத் தொழுஉரமும் அளவான தழை, மணியும் கட்டாயம் வேண்டும். பருத்தியை மாற்றிப் போடுவதும் உதவும். ஸ்ட்ரைகோலாக்டோன் வகையில் ஒன்றான ஸ்ட்ரைகால் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே பருத்தி வேர்க்கசிவிலிருந்துதான், 1966இல். பருத்தியை நம்பி முளைக்கிற சுடுமல்லிக்குப் பருத்தி வேரில் ஒட்ட முடியாது, பட்டினியில் சாகும்.

41 இருக்கிற பல்லடத்து மண்ணுக்கு மணிச்சத்தை நிறுத்து என்பேன், 8 இருக்கிற மேட்டுக்காட்டுக்குப் போடு என்பேன். ஒரே பேச்சை இரண்டு இடத்திலும் பேசினால் ஒருத்தர் குடி கெடும்.

செங்காட்டு அண்ணா, உங்கள் ஊகம் சரிதான். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் இக்ரிசாட் என்ற மானாவாரிப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதையே பார்த்தார்கள். 1990இல் வந்த ஆய்வு. செம்மண்ணில் மணிச்சத்து இரும்போடு பிணைந்து கிடக்கும். துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றை விட்டு அந்த இரும்பைப் பிடித்து, மணிச்சத்தை விடுவித்துக்கொள்ளும். சோளத்துக்கும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த மற்றப் பயிர்களுக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆனால் கரிசலில் மணிச்சத்து கால்சியத்தோடு பிணைந்திருக்கும், அங்கே துவரையின் இந்த வித்தை அவ்வளவு செல்லாது. அதற்குக் கொண்டைக்கடலை இருக்கிறது. பனிக்காலத்தில் கொண்டைக்கடலைக் காட்டில் காலையில் நடந்தால் கால் அரிக்கும், இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் புளிக்கும். இலை முடியில் மாலிக் அமிலம். வேரிலும் இதே மாதிரி கரிம அமிலங்களை விட்டுக் கரிசல் மணிச்சத்தைக் கரைக்கும். எந்த மண்ணுக்கு எந்தப் பயிர் என்று நம் ஊர்களில் பழகி வந்ததில் இந்த மாதிரிக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதி வைக்க ஆளில்லாமல் போகிறதே என்பதுதான் என் கவலை. உங்கள் ஊரில் பழைய ஊடுபயிர் வழக்கங்கள் வேறு இருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.

பல்லடத்துத் தம்பிக்கு. முடிச்சில் நீங்கள் கண்ட வித்தியாசத்துக்கு இரும்பும் ஒரு காரணமாக இருக்கும். வேம் பாக்கெட் இப்போது வாங்காதீர்கள். 41 மணிச்சத்தில் செடி அதை அவ்வளவாக உள்ளே விடாது, காசு வீண். இரண்டு மூன்று வெள்ளாமைக்கு மணிச்சத்தே போடாமல் விட்டு, பரிசோதனையில் 22க்குக் கீழே வந்த பிறகு யோசிக்கலாம். மண்ணிலேயே பூசண வித்து இருக்கும், டிஏபி நின்றால் அதுவே கிளம்பவும் வாய்ப்புண்டு. பொட்டாஷும் வேண்டாம். 460 இருக்கிறது. விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகிற காம்பு) இறங்கும் மண்ணில் சாம்பல்சத்து மிகுந்தால் கால்சியத்துக்குப் போட்டியாகிப் பருப்பில்லாத பொக்குக் காய் கூடும். காய்க்கு வேண்டிய கால்சியத்தை இலை அனுப்பாது, காயே தோல் வழியாக மண்ணிலிருந்து உறிஞ்ச வேண்டும். சுக்காங்கல்லில் உள்ள சுண்ணாம்பு எளிதில் கரையாது, ஜிப்சம் கரையும். ஆகவே நாற்பது நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் வைத்து மண் அணைப்பதைத் தவற விடாதீர்கள். உங்களுக்கு அந்த நாள் வந்துவிட்டது.

மக்காச்சோளம் எத்தனை சாலுக்கு ஒன்று என்று உங்கள் தோட்டமே காட்டியிருக்கிறது, ஒரு பக்கம் மூன்று சால் பச்சை. அப்படியென்றால் ஆறு சால் கடலைக்கு ஒரு சால் மக்காச்சோளம், நெருக்காமல். நெருக்கினால் நிழலும் தண்ணீர்ப் போட்டியும் கடலையை அமுக்கும். சால்களைக் கிழக்கு மேற்காக ஓட்டினால் நிழல் குறையும். விதைப்பு ஒரே நாளில் இருக்கட்டும், வேர்கள் சேர்ந்தே இறங்க வேண்டும். ரெண்டு ஏக்கரிலும் ஒரேயடியாக வேண்டாம், அரை ஏக்கரில் வைத்துப் பக்கத்தில் தனிக்கடலையும் விட்டுப் பாருங்கள்.

அடியுரமாக டிஏபிக்குப் பதில் ஏக்கருக்கு ஐந்து டன் நன்கு மக்கிய தொழுஉரம். அன்னபேதியை மண்ணில் தனியாகப் போடாமல், அதைப் போல் பத்து மடங்கு தொழுஉரத்தோடு கலந்து ஈரம் காயாமல் ஒரு மாதம் நிழலில் மூடி வைத்துப் போடுங்கள். எருவில் உள்ள கரிமப் பொருள் இரும்பைக் கொஞ்ச நாளாவது பிடித்து வைக்கும்.

காய் பிடுங்கியதும், உரம் எதுவும் போடும் முன்பு, மண் மாதிரி இரண்டாக எடுங்கள். பச்சையாக நின்ற மூன்று சாலில் ஒன்று, நடுக்காட்டில் ஒன்று, இரண்டும் அரையடி ஆழம் வரை. ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்பு அளவும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், கேட்காவிட்டால் பல இடத்தில் பார்ப்பதில்லை. போர்த்தண்ணி ஒரு பாட்டில் தனியாக, மோட்டார் அரைமணி நேரம் ஓடிய பிறகு பிடித்தது, பைகார்பனேட் அளவுக்கு.